மறைநாணயத்தில் மறைவு எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் நாளிதழ்களில் கிரிப்டோகரன்சி பற்றி வரும் கட்டுரைகளில் 'மறைநாணயம்', 'மறையீட்டு நாணயம்' என்ற சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சொல்லாக்கத்தில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் அந்த 'மறை' படிப்பவர் மனத்தில் தவறான ஒரு நினைப்பை விதைத்துவிடுகிறது. வங்கிக்குத் தெரியாத பணம், வரித் துறைக்குத் தெரியாத பணம், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாத பணம் என்று. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த நினைப்பில்தான் யூஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் கிரிப்டோ) வாங்குவதும் விற்பதுமாக இருக்கிறார்கள். சம்பளக் கணக்கு முடங்கிய அன்றைக்குத்தான் 'அது யாருக்கும் தெரியாதே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' என்ற கேள்வி வருகிறது. கண்டுபிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.

பிட்காயினில் மறையாக்கம் பயன்படுவது ஒளித்து வைக்க அல்ல, கையெழுத்துப் போட. 'இந்தக் காசை அனுப்பச் சொன்னது சாவி வைத்திருப்பவர்தான்' என்பதை நிரூபிக்கும் கையெழுத்து அது. யார் எவ்வளவு அனுப்பினார், எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பூட்டே இல்லாத பேரேட்டில் எழுதப்படுகின்றன. 2009 ஜனவரி 3-ஆம் தேதி முதல் பிளாக் (பேரேட்டின் ஒரு பக்கம் மாதிரி) எழுதப்பட்டதிலிருந்து, சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்று, ஒரு வரிகூட அழியாமல் இன்றுவரை எல்லாம் இருக்கிறது.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால் வில்லங்கச் சான்று மாதிரி. ஒரு மனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? பிட்காயினுக்கு அந்த வில்லங்கத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், செல்போனிலேயே பார்க்கலாம். ஒரே வித்தியாசம், விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான ஓர் எழுத்துச் சரம் இருக்கும். அந்தச் சரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை உங்கள் பெயர் வந்து ஒட்டிக்கொண்டால் போதும், முன்னும் பின்னும் நடந்த எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

பெயர் எப்படி ஒட்டுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உங்கள் வாலட்டில் (சாவியை வைத்திருக்கும் செயலியில்) 0.05 பிட்காயின் ஒரே துண்டாக இருக்கிறது. நண்பருக்கு 0.002 அனுப்ப வேண்டும். அந்தத் துண்டை வெட்டிக் கொடுக்க முடியாது. 500 ரூபாய்த் தாளைக் கிழித்து 20 ரூபாய் கொடுக்க முடியாதது போல. முழுத் துண்டும் போகும். 0.002 நண்பரின் முகவரிக்கு, மீதிச் சில்லறை, கட்டணம் கழித்து சுமார் 0.04799, உங்களுக்கே சொந்தமான புது முகவரி ஒன்றுக்கு. வாலட் இதைத் தானே செய்துகொள்வதால் நீங்கள் கவனிப்பதில்லை. நண்பரோ பேரேட்டைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தைத் திறந்து, தனக்கு வந்த பரிமாற்றத்தைத் தட்டினால், ஒரு பக்கம் 0.002, மறுபக்கம் 0.04799. சில்லறை எது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் கையிருப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சில்லறை நாளைக்கு எங்கே போகிறது என்பதையும் அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு வழி, சேர்த்துச் செலவழிப்பது. எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தையில்) ஆதார் கொடுத்து வாங்கிய 0.01 ஒரு முகவரியில் இருக்கிறது. தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கிய 0.003 வேறு முகவரியில். ஒரே பரிமாற்றத்தில் இரண்டையும் சேர்த்து 0.012 அனுப்பினீர்கள் என்றால், இரண்டு முகவரிக்கும் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது என்று பேரேடே சாட்சி சொல்லிவிடும். பேரேட்டை ஆராயும் நிறுவனங்கள் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது முதன்மையாக இந்த ஒரு விதியை வைத்துத்தான். இதைத் தவிர்க்க வேண்டுமானால், எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்க விடும் வாலட் வேண்டும். பணம் வாங்க ஒவ்வொரு முறையும் புது முகவரி கொடுக்க வேண்டும். விசிட்டிங் கார்டில் ஒரே முகவரியை அச்சடித்துக் கொடுப்பது பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களையும் அச்சடித்துக் கொடுப்பதற்குச் சமம்.

எதிரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின் திருடு போனது. திருடியவர்கள் நூற்றுக்கணக்கில் முகவரி மாற்றினார்கள், வேறு நாணயங்களாக்கினார்கள், கள்ளச் சந்தைகள் வழியாகச் சுற்றவிட்டார்கள். ஐந்தரை ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரியில், அதில் 94,000-க்கும் மேல் அமெரிக்க நீதித் துறை கைப்பற்றியது. சுற்றிய பாதையின் பெரும்பகுதி பேரேட்டில் இருந்தது. சாவிகள் எங்கே இருந்தன தெரியுமா? இணையச் சேமிப்புக் கணக்கு ஒன்றில், ஒரு கோப்பில். கூகுள் போட்டோஸில், வாலட்டை மீட்கும் 12 சொற்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இனி பெங்களூருவில் அதிகம் பேரை வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: பி-டு-பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை. எக்ஸ்சேஞ்ச் செயலியில் 'வாங்க ஆள் இருக்கிறார்' என்று பட்டியல் வரும். நீங்கள் 450 யூஎஸ்டிடி விற்கிறீர்கள், எதிராளி உங்கள் வங்கிக் கணக்குக்கு யுபிஐ-யில் நேரடியாகப் பணம் அனுப்புகிறார், பணம் வந்ததும் நீங்கள் நாணயத்தை விடுவிக்கிறீர்கள். சந்தை விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் கூடக் கிடைக்கும். ஏன் கூடக் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நடப்பது இதுதான். எங்கோ ஓர் ஊரில் ஓய்வு பெற்ற ஒருவரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிச் சில லட்சங்களைப் பறிக்கிறார்கள். பணம் முதலில் ஒரு வாடகைக் கணக்குக்கு வருகிறது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் பாஸ்புக்கையும் சிம்மையும் கொடுத்த யாரோ ஒருவருடைய கணக்கு அது. அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிகிறது. கடைசிக் கணக்கிலிருந்து உங்களுக்கு 40,000 ரூபாய் வருகிறது, உங்கள் யூஎஸ்டிடி நாட்டை விட்டே போகிறது. திருட்டுப் பணத்தை நாணயமாக்கிக் கொடுத்த கை உங்களுடையது. பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ததும், புகார் எண்ணோடு சேர்த்து, பணம் போன பாதையிலுள்ள ஒவ்வொரு கணக்குக்கும் வங்கிகள் லியன் (பணத்தை எடுக்க முடியாத தடை) போடுகின்றன. சில இடங்களில் அந்த 40,000-க்கு மட்டும். பல இடங்களில் முழுக் கணக்கும் அப்படியே நின்றுவிடுகிறது. 1-ஆம் தேதி சம்பளம் வந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், எல்லாம் நிற்கும்.

இப்படி விற்றே தீர வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டியது முதலில் பெயர். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் பெயரும் எக்ஸ்சேஞ்சில் கே.ஒய்.சி. முடித்த பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். 'அண்ணன் கணக்கிலிருந்து போட்டிருக்கிறேன்', 'கம்பெனி கணக்கு' என்றால் நாணயத்தை விடுவிக்காதீர்கள். பணத்தை வந்த கணக்குக்கே திருப்பிவிட்டு ஆர்டரை ரத்து செய்யுங்கள். திருப்பி அனுப்ப வேறு கணக்கு எண் கொடுத்தால் அதற்கு அனுப்பவே கூடாது. ஆர்டர் எண், உரையாடல், யுபிஐ குறிப்பு எண், பரிமாற்றத்தின் ஹேஷ் (பேரேட்டிலுள்ள அடையாளச் சரம்) எல்லாவற்றையும் அன்றைக்கே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். செயலியே ஒரு நாள் இந்தியாவில் திறக்காமல் போகலாம். 2023 டிசம்பரில் நிதிப் புலனாய்வுப் பிரிவு 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அடுத்த மாதமே அவற்றின் தளங்கள் முடக்கப்பட்டபோது, பழைய கணக்கு விவரத்தை எடுக்க முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். சம்பளம் வரும் கணக்கை எந்தக் காரணத்துக்காகவும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

முடங்கிவிட்டால்? வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் ஒன்றுமில்லை. மூன்று விவரங்களை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை. நிலையம் வேறு மாநிலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் ஆர்டர் விவரம், எதிராளியின் கணக்கு விவரம், உங்கள் கே.ஒய்.சி., நாணயத்தை எப்போது எங்கே வாங்கினீர்கள் என்பதற்கான ஆதாரம், எல்லாம் இணைத்து அனுப்புங்கள். அவர் சந்தேகத் தொகைக்கு மட்டும் லியன் போதும் என்று வங்கிக்கு எழுதினால் மீதி விடுபடும். எழுதவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சந்தேகத்துக்குரிய தொகை இவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. மனுவில் இந்த இரண்டையும் காட்டலாம். 'பத்தாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகரும் ஏமாற்றுக்காரர்தான்.

யூஎஸ்டிடி பற்றி இன்னொன்று. பிட்காயினையாவது யாரும் முடக்க முடியாது. யூஎஸ்டிடி-யை வெளியிடும் டெதர் நிறுவனம், காவல் துறைகள் கேட்டுக்கொண்டால், எந்த முகவரியில் இருக்கும் யூஎஸ்டிடி-யையும் அசையாமல் செய்துவிட முடியும், செய்தும் இருக்கிறது. 'வங்கி மாதிரி முடக்க முடியாத பணம்' என்று நம்பி இதை வாங்குபவர்கள் அந்த நிறுவனத்தின் விதிமுறைகளைப் படித்திருக்க மாட்டார்கள்.

அனுப்பும்போது நடக்கும் தவறுகள் தனி. யூஎஸ்டிடி பல வலைப்பின்னல்களில் ஓடுகிறது. டிரான் முகவரி 'டி' எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் '0எக்ஸ்' என்று தொடங்கும். இந்த இரண்டையும் குழப்பினால் செயலியே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆபத்து எத்தீரியத்துக்கும் பிஎன்பி செயினுக்கும் இடையில்தான். இரண்டிலும் முகவரி ஒரே மாதிரி. தவறான வலைப்பின்னலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்தது உங்கள் சொந்த வாலட் என்றால் அந்த வலைப்பின்னலைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் என்றால் அவர்கள் மனம் வைத்தால்தான். எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை அனுப்பும்போது முகவரியோடு டேக் எண் என்று ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து, டேக் எண்ணை வைத்துத்தான் பிரிக்கிறது. அது இல்லாமல் அனுப்பிய காசு கதவு எண் எழுதாத தபால்தான்.

அண்மைக்காலமாக நடக்கும் தந்திரம், முகவரியை நஞ்சாக்குவது. நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் அப்படியே வரும்படி வேறொரு முகவரியைத் தயாரித்து, அதிலிருந்து உங்களுக்குப் பூஜ்யம் தொகையோ பைசாக் கணக்கோ அனுப்பிவைக்கிறார்கள். அது உங்கள் வரலாற்றுப் பட்டியலில் மேலே வந்து உட்காரும். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது கதை. நடுவிலுள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் முகவரியைப் பெயரிட்டுச் சேமித்து வைத்து அங்கிருந்தே அனுப்புங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, சேர்ந்ததா என்று எதிராளியிடம் கேட்டுவிட்டுப் பிறகு மீதியை அனுப்புவது கஞ்சத்தனமில்லை.

வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுத்து, கூலியை யூஎஸ்டிடி-யில் வாங்கும் நிரலாளர்கள் இந்த ஊரில் நிறைய. 'வங்கிக் கமிஷன் மிச்சம்' என்பது அவர்கள் கணக்கு. மிச்சம் உண்மைதான். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட, கட்டணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயாகவோ வந்திருக்க வேண்டும். யூஎஸ்டிடி இரண்டும் இல்லை. வங்கி தரும் அந்நியப் பண வரவுச் சான்றும் கிடைக்காது. மாதம் 3,000 யூஎஸ்டிடி வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு ஒன்று 85 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,55,000, ஆண்டுக்கு 30,60,000. சேவைக்கான 20 லட்சம் வரம்பைத் தாண்டியாயிற்று. ஏற்றுமதி என்று காட்ட முடியாத நிலையில் 18 சதவீதம், அதாவது மாதம் 45,900 ரூபாய் வரி கேட்கப்பட வாய்ப்பிருக்கிறது. வங்கிக் கமிஷனில் மிச்சம் பிடித்தது எங்கே, இது எங்கே? கையில் வந்த அன்றைய ரூபாய் மதிப்பு தொழில் வருமானமாகவும், பிறகு விற்கும்போது ஏதாவது கூடியிருந்தால் அந்தக் கூடுதல் கிரிப்டோ லாபமாகவும் தனித்தனியே கணக்கில் வரும் என்பது வேறு.

வருமான வரியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விதி அவ்வளவு கடுமை. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதியின்படி லாபத்தில் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்ட முடியாது. ஒரு நாணயத்தில் 1,00,000 லாபம், இன்னொன்றில் 80,000 நஷ்டம் என்றால், கையில் நின்றது 20,000. கட்ட வேண்டியது 31,200. இது வரியா அபராதமா என்று யாரும் கேட்கலாம், சட்டம் அதுதான். விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. ஒரு லட்சத்தைத் திருப்பித் திருப்பி வாங்கி 10 முறை விற்றால், விலை ஏறாமல் இறங்காமல் இருந்தாலும், 9,562 ரூபாய் டிடிஎஸ்-இல் போய் நிற்கும். போனது திரும்பும், ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான். மிக முக்கியம்: அந்த 1 சதவீதம் வசூலிக்கப்படுவதே வருவாய்க்காக அல்ல, தடம் விடுவதற்காக. உங்கள் பான் எண்ணுக்கு நேரே ஒவ்வொரு விற்பனையும் வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும். 'மறை' எங்கே போனது?

அன்றாடச் செலவுக்குக் கிரிப்டோ என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2010 மே 22-இல் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் 'விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்' என்று தளர்த்திவிட்டது. நம் ஊரில் 2018-இல் பழைய விமான நிலையச் சாலை கெம்ப் ஃபோர்ட் மாலில் ஒரு பிட்காயின் கியோஸ்க் வைக்கப்பட்டது. சில நாள்களிலேயே காவல் துறை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்று சட்டம் வேறு, ஆனால் காரியம் நடக்காது என்பதில் மாற்றமில்லை. சிவாஜி நகரில் ஒரு தேநீருக்குப் பிட்காயின் கொடுத்தீர்கள் என்றால், அது ஒரு சொத்து விற்பனை. அந்தத் துளியை என்றைக்கு என்ன விலைக்கு வாங்கினீர்கள், இன்றைக்கு என்ன விலை, இடையில் எவ்வளவு லாபம் என்று வருமான வரிப் படிவத்தில் வரி வரியாக எழுத வேண்டும். டீக்கடைக்காரர் யுபிஐ ஒலிப்பெட்டி சத்தம் போட்டதும் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். உங்கள் பிளாக் எழுதப்பட 10 நிமிடம் அவர் நிற்க மாட்டார். பிட்காயினை வேகமாக அனுப்ப அதன் மேல் கட்டப்பட்ட மின்னல் (லைட்னிங்) வலைப்பின்னல் அதைச் சில விநாடியாக்கும், வரிக் கணக்கை அல்ல.

அப்படியானால் அந்தரங்கம் வேண்டும் என்று கேட்பவர் எல்லாம் திருடரா? இல்லை. இந்த இடத்தில் அரசு தரப்பின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. சம்பளச் சீட்டைத் தெருச் சுவரில் யாரும் ஒட்டுவதில்லை. பிட்காயின் பேரேடு அதைத்தான் செய்கிறது. மொனிரோ போன்ற நாணயங்கள் அனுப்புபவரின் கையெழுத்தை வேறு 15 பேருடையதோடு கலந்து, யார் அனுப்பியது என்று பிரிக்க முடியாமல் செய்கின்றன. பலர் காசைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற மென்பொருளை அமெரிக்கக் கருவூலத் துறை 2022 ஆகஸ்ட்டில் தடைப்பட்டியலில் சேர்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சரியில்லை என்று சொன்ன பிறகு 2025 மார்ச்சில் எடுத்துவிட்டது. கத்தி செய்பவரைப் பிடிப்பதா, குத்தியவரைப் பிடிப்பதா என்ற வழக்கு அங்கேயே இன்னும் தீரவில்லை. ஆனால் இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை: கலக்கி வந்த காசை எக்ஸ்சேஞ்சில் போட்டால், அவர்களின் மென்பொருள் சிவப்புக் கொடி காட்டும், கணக்கு நிற்கும், விளக்கம் கேட்பார்கள். 2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணப்பரிவர்த்தனை முறைகேடு தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சந்தேகமானவற்றை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை.

உண்மையான அந்தரங்கக் கவலை வேறு பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஆதார், பான், செல்ஃபி, வீட்டு முகவரி, கையிருப்பு விவரம் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. கணக்கை மூடினாலும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். செயலியை நீக்கினால் ஒன்றும் அழியாது. 2020-இல் லெட்ஜர் என்ற வாலட் கருவி நிறுவனத்திலிருந்து சுமார் 2,70,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியே போயின. 'உங்கள் கருவியில் கோளாறு, இந்தப் புதியதைப் பயன்படுத்துங்கள்' என்று போலிக் கருவியே தபாலில் வந்தது சிலருக்கு. 2025-இல் காயின்பேஸ், வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து 69,461 பேரின் விவரம் எடுக்கப்பட்டதாகச் சொன்னது. அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சம்பளம் வாங்குபவர் கையால் வெளியே போனது. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் போனில் எக்ஸ்சேஞ்ச் ஊழியராகப் பேசினால் நம்பத்தான் தோன்றும். இதற்கென்று தனி மின்னஞ்சல், எஸ்எம்எஸ் ஓடிபி-க்குப் பதிலாக ஆத்தென்டிகேட்டர் செயலி, எவரிடமும் கையிருப்பைச் சொல்லாமை, இவை மட்டுமே நம் கையில் உள்ளவை.

12 சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை அவை. கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பு இருப்பதால், நாமாக 12 சொல்லைக் கற்பனை செய்து போட்டால் பெரும்பாலும் ஏற்காது. காகிதத்தில் எழுதி, வாலட்டை அழித்து, அந்தக் காகிதத்தை வைத்தே மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொகை போட வேண்டும்; வரிசை மாறி எழுதியவர்கள் அப்போதுதான் விழித்துக்கொள்வார்கள். யாராவது தம்முடைய 12 சொற்களை யூடியூப் பின்னூட்டத்தில் 'உதவி வேண்டும்' என்று போட்டிருந்தால் இரக்கப்படாதீர்கள். அந்த வாலட்டில் யூஎஸ்டிடி இருக்கும், அனுப்பக் கட்டணமாக டிரான் காசு இருக்காது. ஆசைப்பட்டுக் கட்டணத்துக்கு நீங்கள் போடும் காசு மட்டும் போகும். யூஎஸ்டிடி-யை நகர்த்த வேறொரு சாவியும் தேவைப்படும்படி செய்து வைத்திருப்பார்கள்.

கடைசியாக, சட்டம். கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவை கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-இல் ரத்து செய்தது. 2022 முதல் வரி வசூலாகிறது. 2024 ஜூலை 18-இல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் பணத்தை எடுக்க முடியாமல் இருந்தார்கள். அதில் 3,532.30 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில்தான், 2025 அக்டோபரில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோ என்பது சொத்து, அதை ஒருவர் சார்பாக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். திருடு போனது வேறு வகை நாணயங்கள். அவருடைய எக்ஸ்ஆர்பி அல்ல. ஆகவே எல்லோருடைய நஷ்டத்தையும் அவர் தலையில் பங்கு வைக்க முடியாது என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் பிறந்த இந்தத் தீர்ப்பு பெற வேண்டிய கவனத்தைத் தமிழ் நாளிதழ்களில் பெறவில்லை என்பது என் ஆதங்கம். வங்கி மூழ்கினால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்ச் மூழ்கினால் ஐந்து பைசா இல்லை, முறையிட ஓம்புட்ஸ்மன் இல்லை. 30 சதவீதம் வாங்கும் அரசு இதற்கு ஒரு தனிச் சட்டம் எழுத என்ன தடை என்று உங்கள் தலையங்கம் ஒரு நாள் கேட்கலாம்.

அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது 'மறை'யை விட்டுவிட்டு 'கிரிப்டோ' என்றே அச்சிட்டுவிடுங்கள். பக்கத்தின் ஓரத்தில் தங்க நிறக் காசுப் படம் போடும் இடத்தில் 1930 என்ற எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால், பணம் பறிபோன முதல் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
வரிக் கணக்குப் பார்க்கும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.